பல்லிச் சட்னியும் அடுக்குத் தயிரும்

"பல்லிச் சட்னி வெய்யனா அம்மா?"

தார்நாகாவுக்கு நான் வந்து சேர்ந்த முதல் வாரத்தில் ஒரு தள்ளுவண்டிக் கடைக்காரர் கேட்ட கேள்வி இது. தட்டில் இட்டிலி இருந்தது. கரண்டி அவர் கையில் இருந்தது. என் கையோ தானாகவே தட்டைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டது. சுவரில் ஓடும் பல்லியைத் தவிர வேறு பல்லியை நான் அறிந்ததில்லை. உடன் வந்திருந்த அறைத்தோழி திருநெல்வேலிக்காரர். எனக்கு இரண்டு ஆண்டு மூத்தவர். "ஏட்டி, பயப்படாத. இங்க பல்லின்னா நிலக்கடலை. சும்மா வாங்கித் தின்னு" என்று சிரித்தார். அன்றுமுதல் அவர் எனக்கு அக்கா. பல்லிச் சட்னியும் எனக்கு உறவாகிவிட்டது.

நான் திண்டிவனத்துப் பக்கத்துப் பெண். எங்கள் ஊரில் நிலக்கடலைக்கு மல்லாட்டை என்று பெயர். மணிலாக்கொட்டை என்ற பெயரையும் நம்மில் பலர் கேட்டிருப்போம். தென் அமெரிக்காவில் தோன்றிக் கடல் கடந்து வந்த செடி, வந்த வழியைத் தன் பெயரில் சுமந்துகொண்டிருக்கிறது. நிலக்கடலை ரகங்களில் டி.எம்.வி. என்று தொடங்கும் பெயர்கள் திண்டிவனத்து ஆராய்ச்சி நிலையத்தைக் குறிப்பவை. இப்படிக் கடலை விளையும் மண்ணில் பிறந்திருந்தும், அதை எண்ணெய்க்கு விற்கும் பொருளாகவும் மாலை வேளையில் கொறிக்கும் பொருளாகவும்தான் நான் எண்ணியிருந்தேன். அது காலை உணவாகும் என்பதை இங்கே வந்துதான் கற்றேன். கற்கும்படி ஒரு காரணமும் நேர்ந்தது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

திருப்பி அனுப்பப்பட்ட கதை

சென்ற ஆண்டு ஓர் இரத்ததான முகாமுக்குத் தோழியரோடு சென்றேன். விரல் நுனியில் ஒரு சொட்டு எடுத்துப் பார்த்தார்கள். இரத்தம் கொடுப்பவருக்கு ஹீமோகுளோபின் குறைந்தது 12.5 கிராம் இருக்கவேண்டும். எனக்கு இருந்தது 10.8. "நீ கொடுக்க வேண்டியவள் அல்ல, தேற்றிக்கொள்ள வேண்டியவள்" என்று சொல்லி ஒரு பழச்சாற்றை மட்டும் கையில் கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

இது என் ஒருத்தியின் கதையன்று. 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி, நம் நாட்டில் 15 முதல் 49 வயதுவரை உள்ள பெண்களில் நூற்றுக்கு 57 பேருக்கு இரத்தசோகை இருக்கிறது. வகுப்பில் நம் வரிசையைத் திரும்பிப் பார்த்தால் அந்த எண்ணின் பொருள் விளங்கும்.

எங்கள் தெருக்கோடியில் இருக்கும் மருத்துவர் அம்மையார் சோதனைத் தாளைப் பார்த்துவிட்டு, "காலையில் என்ன சாப்பிடுகிறாய்?" என்று கேட்டார். "தேநீர், இரண்டு பிஸ்கட்டு" என்றேன். "பிறகு?" "பிறகு ஆய்வுக்கூடம்." அவர் இரும்புச்சத்து மாத்திரை எழுதித் தந்தார். தந்துவிட்டு, "மாத்திரையை நான் கொடுத்துவிட்டேன். காலைச் சாப்பாட்டை யார் கொடுப்பார்?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்குத்தான் இந்தக் கட்டுரை விடை.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லவேண்டும். நான் கூறப்போகும் உணவு இரத்தசோகைக்கு மருந்தன்று. தயிரில் இரும்புச்சத்து மிகக் குறைவு. அதிலுள்ள சுண்ணாம்புச்சத்து, உடன் உண்ணும் இரும்பு உடலில் சேர்வதைச் சற்றுத் தடுக்கவும் செய்யும். தேநீரும் அதே தடையைச் செய்கிறது. ஆகவே மாத்திரையைத் தயிரோடும் தேநீரோடும் சேர்க்காமல் வேறு வேளையில் விழுங்கவேண்டும். நான் கூறவருவது, வெறும் வயிற்றோடு வகுப்புக்கு ஓடும் வழக்கத்துக்கு மாற்று.

நம் பக்கத்திலேயே ஒரு நிலையம்

தார்நாகா என்ற பெயருக்கு ஒரு கதை சொல்வார்கள். நிஜாம் காலத்தில் இங்கே ஒரு பழத்தோட்டம் இருந்ததாம். அதைச் சுற்றிக் கம்பி வேலியும், வாயிலில் ஒரு காவற்சாவடியும் இருந்தனவாம். கம்பிக்குத் 'தார்', சாவடிக்கு 'நாகா'. இரண்டும் சேர்ந்து ஊர்ப்பெயர் ஆயிற்று என்பர்.

அந்தத் தார்நாகாவில்தான் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் இருக்கிறது. நாள்தோறும் அதன் மதிலைக் கடந்து போகும் நம்மில் எத்தனை பேருக்கு அதுவும் தமிழகத்திலிருந்து குடிபெயர்ந்து வந்ததுதான் என்று தெரியும்? 1918-இல் நீலகிரியின் குன்னூரில், பாஸ்டர் நிலையத்தின் ஒரே ஓர் அறையில், பெரிபெரி நோயை ஆராய்வதற்காக ராபர்ட் மக்காரிசன் தொடங்கிய வேலை அது. வளர்ந்து பெரிதாகி 1958-இல் ஹைதராபாத்துக்கு வந்தது. 1969-இல் இன்றைய பெயரைப் பெற்றது. அறுபதுகளில் அதற்குத் தலைமை தாங்கிய டாக்டர் சி. கோபாலன் சேலத்தில் பிறந்தவர்.

இந்நிலையம் உருவாக்கிய எளிய சத்துணவு ஒன்றுக்கு 'ஹைதராபாத் கலவை' என்று பெயர். வறுத்த கோதுமை 40 கிராம், வறுத்த கொண்டைக்கடலை 16 கிராம், வறுத்த நிலக்கடலை 10 கிராம், வெல்லம் 20 கிராம். அவ்வளவுதான். இந்த 86 கிராமில் 330 கலோரியும், 11 கிராமுக்குச் சற்று மேற்பட்ட புரதமும் கிடைக்கின்றன. சத்துக்குறைவால் மெலிந்த குழந்தைகளைத் தேற்றுவதற்காகச் செய்யப்பட்டது. கடையில் எவரும் வாங்கக்கூடிய பொருள்கள். ஆனால் சேர்த்த முறையில் விஞ்ஞானம் இருக்கிறது.

அந்த விஞ்ஞானம் யாது? புரதம் என்பது அமினோ அமிலங்கள் என்னும் சிறு கண்ணிகளால் ஆனது. பல நிறப் பூக்களை ஒரே வரிசைமுறையில் வைத்துக் கட்டும் கதம்பத்தை எண்ணிக்கொள்ளுங்கள். மற்ற பூக்கள் கூடை நிறைய இருந்தாலும், ஒரு நிறம் தீர்ந்துவிட்டால் கதம்பம் அத்துடன் நின்றுவிடும். உடலும் அப்படியே. கோதுமையிலும் நிலக்கடலையிலும் லைசின் என்ற கண்ணி குறைவு. கொண்டைக்கடலையில் அது மிகுதி. பாலிலும் தயிரிலும் அது மிகுதி. ஒன்றின் குறையை மற்றொன்று நிரப்புகிறது.

நிலக்கடலையையும் தயிரையும் பழத்தையும் ஒரு தம்ளரில் அடுக்கும்போது நாம் செய்வதும் அதே வேலைதான். மேலைநாட்டு உணவுச்சாலைகளில் இவ்வகை அடுக்குக்குப் 'பார்ஃபே' என்று பிரெஞ்சுப் பெயர் வைத்திருக்கிறார்கள். 'குறைவற்றது' என்பது அதன் பொருள். எங்கள் அறையில் அதற்கு அடுக்குத் தயிர் என்று பெயர்.

முதல் அடுக்கு: வடித்த தயிர்

பாலில் உறைமோர் விட்டால் அதிலுள்ள நுண்ணுயிர்கள் பாலின் சர்க்கரையை உண்டு லாக்டிக் அமிலத்தை உண்டாக்குகின்றன. அமிலம் ஓர் அளவை எட்டியதும், பாலில் மிதந்துகொண்டிருந்த கேசின் என்ற புரதம் ஒன்றோடொன்று கைகோத்து வலைபோல் நின்றுவிடுகிறது. வலைக்குள் நீர் சிறைப்பட்டிருக்கிறது. அதுவே தயிர். பாற்சர்க்கரையில் ஒரு பகுதி செலவாகிவிடுவதால், பால் ஒத்துக்கொள்ளாதவர் சிலருக்குத் தயிர் ஒத்துக்கொள்கிறது.

இந்தத் தயிரை அப்படியே அடுக்கினால் பழச்சாற்றோடு கலந்து ஓடிவிடும். ஆகவே இரவு படுக்கப் போகுமுன் 300 கிராம் தயிரை ஒரு சுத்தமான மெல்லிய துணியில் கொட்டி, முடிச்சிட்டு, வடிகட்டியின்மேல் வைத்துக் குளிர்ப்பெட்டியில் வைத்துவிடுங்கள். காலையில் ஏறக்குறைய பாதியாகக் குறைந்து, கத்தியால் வெட்டலாம் போன்ற கெட்டித் தயிர் கிடைக்கும். மராட்டியரும் குஜராத்தியரும் ஸ்ரீகண்டம் செய்வதற்கு இப்படி வடித்ததைச் 'சக்கா' என்பர்.

கீழே வடிந்திருக்கும் நீர் இளம் பச்சையாக இருக்கும். அந்நிறம் ரிபோஃபிளேவின் என்ற பி2 வைட்டமினுடையது. அதைக் கொட்டிவிடாதீர்கள். சிறிது உப்பிட்டுக் குடிக்கலாம். சப்பாத்தி மாவு பிசையலாம்.

குளிர்ப்பெட்டி இல்லாத அறையா? வெயிற்காலத்தில் இரவு முழுவதும் வெளியில் வடித்தால் தயிர் புளித்துவிடும். அப்போது இரவில் தோய்த்த தயிரை வடிக்காமலே காலையில் உண்ணலாம். அடுக்கு அழகாக நிற்காது. வயிறு அதைக் கேட்பதில்லை.

இரண்டாம் அடுக்கு: கடலை விழுது

கடையில் விற்கும் கடலை வெண்ணெயின் மூடியைத் திருப்பிச் சீட்டைப் படித்துப் பாருங்கள். பலவற்றில் சர்க்கரையும், கெட்டிப்படுத்தும் கொழுப்பும் சேர்ந்திருக்கும். கொழுப்பு ஏன்? அரைத்த கடலையை வைத்திருந்தால் எண்ணெய் மேலே மிதந்து பிரியும். இதைத் தடுக்க, 1920-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் ரோஸ்ஃபீல்ட் என்பவர் ஹைட்ரஜன் ஏற்றிக் கெட்டியாக்கிய எண்ணெயைச் சேர்க்கும் முறையைக் கண்டார். கடைச்சரக்கு மாதக்கணக்கில் ஒரே சீராக இருக்கவேண்டும். அவர்களுக்கு அது தேவை. வாரத்தில் தீர்த்துவிடும் நமக்குத் தேவையில்லை. கரண்டியால் ஒரு கிளறு கிளறினால் போதும்.

செய்முறை இது. கால் கிலோ நிலக்கடலையை அடிகனமான வாணலியில் சிறு தீயில் பத்துப் பன்னிரண்டு நிமிடம் வறுக்கவும். தோல் வெடித்து மணம் வந்ததும் இறக்கி ஆறவிடவும். கையால் தேய்த்து, முறத்தில் புடைத்துத் தோலை நீக்கவும். முறம் இல்லையேல் செய்தித்தாளில் பரப்பி ஊதலாம். அறைத்தோழி வெளியே போயிருக்கும் வேளையாகப் பார்த்துச் செய்வது நல்லது. பிறகு ஒரு சிட்டிகை உப்புடன் மிக்சியில் அரைக்கவும்.

முதலில் பொடியாகும். பிறகு உருண்டு உருண்டு ஓரத்தில் ஒட்டிக்கொண்டு நிற்கும். இந்த இடத்தில்தான் பலர் பொறுமையிழந்து தண்ணீர் ஊற்றிவிடுகிறார்கள். ஊற்றவே கூடாது. ஓரத்தை வழித்துவிட்டு, மிக்சிக்குச் சற்று ஓய்வு கொடுத்து, மீண்டும் அரையுங்கள். நிலக்கடலையின் எடையில் பாதிக்குச் சற்றுக் குறைவாக எண்ணெய் இருக்கிறது. அது செல்களுக்குள் நுண்துளிகளாக அடைபட்டிருக்கிறது. செற்சுவர்கள் உடைய உடைய எண்ணெய் வெளிவந்து பொடியை நனைக்கிறது. ஐந்தாறு நிமிடத்தில் விழுது தானாக இளகி ஓடும். தண்ணீர் சேர்த்தால் விழுது இறுகும். பூஞ்சைக்கும் வழி பிறக்கும். ஈரக் கரண்டியையும் உள்ளே விடாதீர்கள்.

பூஞ்சை என்றதும் ஓர் எச்சரிக்கை. 1960-இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட வான்கோழிக் குஞ்சுகள் காரணம் தெரியாமல் மடிந்தன. தீவனத்தில் கலந்திருந்த நிலக்கடலைப் பிண்ணாக்கில் ஒருவகைப் பூஞ்சை விட்டுச்சென்ற நஞ்சே காரணம் என்று பின்னர் கண்டார்கள். அதுவே அஃப்ளடாக்சின், ஈரலைத் தாக்குவது. 1974-இல் ராஜஸ்தான், குஜராத் எல்லைப்புற மாவட்டங்களில் பூஞ்சை பிடித்த மக்காச்சோளத்தை உண்டதால் இந்நஞ்சு பலருடைய உயிரைக் குடித்தது. அதை ஆராய்ந்து உரைத்தவர்கள் நம் தார்நாகா நிறுவனத்து விஞ்ஞானிகளே. வறுப்பதால் இந்நஞ்சு முழுதும் அழிவதில்லை. வறுத்த மணத்தில் கெட்டுப்போன கடலையின் அடையாளம் மறைந்துவிடுவதும் உண்டு. ஆகவே வறுக்குமுன் தாம்பாளத்தில் பரப்பி, சுருங்கியது, நிறம் மாறியது, பூஞ்சை பிடித்தது யாவற்றையும் பொறுக்கி எறியுங்கள். வாயில் கசந்தால் துப்பிவிடுங்கள். நாலு கடலைக்குக் கணக்குப் பார்க்கவேண்டாம்.

நிலக்கடலை ஒவ்வாதவர்கள் சிலர் இருப்பார்கள். அவர்களுக்கு ஒரு துளியும் ஆபத்தாகலாம். விருந்தினருக்குக் கொடுக்குமுன் கேட்டுக்கொள்வது நம் கடமை.

மூன்றாம் அடுக்கு: பழம்

ஹைதராபாத்தில் பழத்துக்குப் பஞ்சமில்லை. கோடையில் பங்கனப்பள்ளி மாம்பழம். மழை ஓய்ந்தபின் மகபூப்நகர்ப் பக்கத்துச் சீத்தாப்பழம். வாழையும் கொய்யாவும் எப்போதும் தள்ளுவண்டியில் உண்டு. எனக்கு உகந்தது கொய்யா. நூறு கிராம் கொய்யாவில் ஏறத்தாழ 200 மில்லிகிராம் சி வைட்டமின் இருக்கிறது. ஆரஞ்சுப் பழத்தைப்போல் நான்கு மடங்கு. தாவர உணவிலுள்ள இரும்பை உடல் ஏற்பதற்கு இந்த வைட்டமின் துணைசெய்கிறது. விலையோ ஆரஞ்சைவிடக் குறைவு.

பப்பாளியையும் அன்னாசியையும் சேர்ப்பவர்கள் ஒன்றை நினைவில் வைக்கவேண்டும். பப்பாளியில் பப்பைன், அன்னாசியில் புரோமிலைன் என்ற நொதிகள் இருக்கின்றன. இவை புரதத்தை வெட்டும் கத்திரிகள். இரவே தயிரோடு சேர்த்து வைத்தால், காலைக்குள் தயிரின் புரத வலையை அறுத்து நீராக்கிவிடும், கசப்பும் ஏறும். நான் முதன்முதலில் பப்பாளியை வைத்து இரவே அடுக்கிவைத்து, காலையில் கசப்புத் தண்ணீரைக் குடித்துவிட்டு ஓடினேன். அவற்றை உண்ணும் நேரத்தில் மட்டுமே சேர்க்கவேண்டும். மாதுளையும் கொய்யாவும் இரவிலிருந்தே பொறுமையாகக் காத்திருக்கும்.

"பழத்தையும் தயிரையும் சேர்க்கலாமாடி?" என்று அம்மா தொலைபேசியில் கேட்டார். "கலியாண வீட்டுத் தயிர்சாதத்தில் மாதுளையும் திராட்சையும் போடுகிறார்களே அம்மா, அப்போது மட்டும் ஏன் இரண்டு முறை வாங்கிச் சாப்பிடுகிறீர்கள்?" என்றேன். பதில் இல்லை. ஆனால் மறுவாரம் ஊரிலிருந்து வந்தவர் கையில் இரண்டு கிலோ உரித்த மல்லாட்டை வந்தது.

அடுக்கும் முறை

கண்ணாடித் தம்ளரோ மூடியுள்ள டப்பாவோ எடுத்துக்கொள்ளுங்கள். அடியில் நறுக்கிய பழம் ஒரு கை. அதன்மேல் வடித்த தயிர். அதன்மேல் இரண்டு மேசைக்கரண்டி, அதாவது 30 கிராம், கடலை விழுதைப் பரப்புங்கள். உச்சியில் ஒரு பிடி பொரி. இங்கே மரமராலு என்றால் கொடுப்பார்கள். வறுத்த அவலும் ஆகும். இனிப்பு வேண்டுமானால் பொடித்த வெல்லம் ஒரு சிறு கரண்டி.

இந்த வரிசைக்குக் காரணம் உண்டு. சாறு விடும் பழம் அடியில் இருந்தால் மற்ற அடுக்குகளை நனைக்காது. எண்ணெய்ப்பசையுள்ள விழுது, தயிரின் ஈரம் மேலே ஏறாமல் தடுக்கும் தளம்போல் நிற்கிறது. ஆகவே பேருந்தில் அரைமணி நேரம் கொண்டுபோனாலும் பொரி நமுத்துப்போவதில்லை.

சத்தைக் கணக்கிடுவோம். தயிரிலிருந்து ஏறக்குறைய 8 கிராம் புரதம், விழுதிலிருந்து ஏறக்குறைய 7 கிராம், ஆக 15. இந்திய மருத்துவ ஆராய்ச்சி மன்றமும் இந்நிறுவனமும் 2020-இல் வகுத்த அளவின்படி, 55 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு நாளொன்றுக்கு வேண்டியது 46 கிராம். 65 கிலோ எடையுள்ள ஆணுக்கு 54 கிராம். காலைக்குள் பெண்ணுக்கு மூன்றில் ஒரு பங்கு, ஆணுக்கு நான்கில் ஒரு பங்குக்கு மேல் கிடைத்துவிடுகிறது. நான் அதுவரை உண்டுவந்த இரண்டு பிஸ்கட்டில் ஒரு கிராம் புரதம் தேறினாலே பெரிது.

இட்டிலியும் பொங்கலும் உண்ணக்கூடியவர்கள் தாராளமாக உண்ணட்டும். அவற்றுக்கு எதிராக நான் வழக்காடவில்லை. ஒன்பது மணிக்கு ஆய்வுக்கூடக் கதவு திறக்கிறது, எட்டரைக்குத்தான் நமக்குக் கண் திறக்கிறது என்ற நாளுக்கு இது. காலையில் ஆகும் நேரம் ஐந்து நிமிடம். உண்மையான வேலை முந்தின இரவில் துணியிலும், ஞாயிற்றுக்கிழமை மாலையில் வாணலியிலும் முடிந்துவிடுகிறது.

நான்கு மாதம் கழித்து மீண்டும் சோதித்தபோது எனக்கு ஹீமோகுளோபின் 12.6. உயர்த்தியது மாத்திரை, அதில் ஐயமில்லை. ஆனால் முற்பகல் பதினொரு மணிக்கு நுண்ணோக்கியின்முன் கண் இருட்டி நாற்காலியைப் பிடித்துக்கொள்ளும் வழக்கம் போனதற்கு இந்தத் தம்ளருக்கும் பங்கு உண்டென்றே நினைக்கிறேன்.

நண்பர்களே, தேர்வுக் காலம் நெருங்குகிறது. நாம் முதலில் கைவிடுவது தூக்கத்தை. அடுத்துக் கைவிடுவது காலை உணவை. இரண்டாவதையாவது காப்பாற்றிக்கொள்ள முடியும். ஓர் அறையில் மூவர் இருந்தால் கால் கிலோ கடலை மூன்று நாளைக்கு வரும். ஒருவர் வறுக்கட்டும், ஒருவர் தோல் நீக்கட்டும், ஒருவர் அரைக்கட்டும். வரும் ஞாயிறு மாலையே தொடங்கிவிடுங்கள்.